ஐந்நூறு ரூபாய் விண்டோஸும் அரை விநாடித் தாமதமும்

கேள்வி: கரூரில் பெட்ஷீட், திரைச்சீலை தைத்து ஏற்றுமதி செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. ஆபீசில் ஒன்பது கம்ப்யூட்டர். 2019ல் என் அண்ணன் மகன் எட்டில் விண்டோஸுக்கும் எம்எஸ் ஆபீசுக்கும் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு லினக்ஸ் 18.04ம் லிப்ரே ஆபீசும் போட்டுக் கொடுத்தான். டேலி கணக்கு மென்பொருளுக்காக ஒன்றில் மட்டும் விண்டோஸ். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. அவன் இப்போது ஜெர்மனியில் வேலையில் இருக்கிறான். போன வாரம் வந்த ஆடிட்டர், "ஓப்பன் சோர்ஸ்னா உள்ளே எழுதியிருக்கறதை யார் வேணும்னாலும் பார்க்கலாம், திருடனும் பார்ப்பான். லினக்ஸுக்குள்ளேயே யாரோ கள்ளக் கதவு வெச்சுட்டாங்களாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டினார். தெரிந்த பையன் ஒருவன் கம்ப்யூட்டருக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு விண்டோஸும் ஆபீசும் போட்டுத் தருவானாம். மாற்றிவிடலாமா? பையர்களின் (சரக்கு வாங்குபவர்களின்) ஆர்டர், பேங்க் விவரம் எல்லாம் இவற்றில்தான் இருக்கின்றன. — கரூர் வாசகி

அன்புள்ள கரூர் வாசகிக்கு,

வணக்கம். அவசரமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பையனை வரச் சொல்ல வேண்டாம். காரணம் கடைசியில். அதற்காக உங்கள் லினக்ஸ் பத்திரமாக இருக்கிறது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆடிட்டர் பயப்படுவதில் தப்பில்லை, பயப்படும் இடம்தான் தப்பு.

'திருடனும் பார்ப்பானே' என்ற கேள்வியை இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் தெருமுனைப் புரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல் வாசலிலேயே இருக்கும். மாஸ்டர் மாவை வீசுவதும் எண்ணெய் ஊற்றுவதும் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும். பெரிய ஹோட்டலில் அடுப்படி கதவுக்குப் பின்னால். மென்பொருளின் நிரலை, அதாவது அதை இயக்கும் வரிகளை, எல்லாரும் பார்க்கும்படி வைக்கும் ஓப்பன் சோர்ஸ் வாசலில் கல் போட்ட கடை, விண்டோஸ் கதவு சாத்திய அடுப்படி. அடுப்படி கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக யாரும் கல்லாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. கல்லாவுக்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி. எப்படிச் செய்தது என்று தெரிந்த மாத்திரத்தில் திறந்துகொள்ளும் என்றால் அது பூட்டே இல்லை. கதவு சாத்தியிருப்பதால் திருடன் வர மாட்டான் என்பதும் கிடையாது. விண்டோஸின் நிரலை நீங்களும் நானும் பார்க்க முடியாது. ஆனாலும் மாதம் தவறாமல் அதில் ஓட்டைகள் அகப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட்டும் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறது.

இதுவரைக்கும் ஓப்பன் சோர்ஸ்காரர்கள் கைதட்டுவார்கள். அடுத்ததைச் சொன்னால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். கல் வாசலில் இருக்கிறது, சரி. பார்சலுக்காக நிற்கும் இருபது பேரில் எத்தனை பேர் எண்ணெய் டின்னை உற்றுப் பார்க்கிறோம்? எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். வேறு யாராவது பார்த்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு.

2014 ஏப்ரலில் அந்த நினைப்புக்கு நல்ல அடி விழுந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்று ஒரு மென்பொருள். பிரவுசரில் பூட்டுப் படம் தெரியும் தளங்களில் பெரும்பகுதி அதை நம்பித்தான் இருந்தன. அதில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் 'இருக்கிறாயா? இந்த நாலு எழுத்தைத் திருப்பிச் சொல்' என்று கேட்கும் வசதி உண்டு. நாலு எழுத்தைக் கொடுத்துவிட்டு 'அறுபதாயிரம் எழுத்தைத் திருப்பிச் சொல்' என்றால், அது எண்ணிப் பார்க்காமல் பக்கத்தில் நினைவகத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. அதில் பாஸ்வேர்டும் இருக்கலாம், சாவியும் இருக்கலாம். ஹார்ட்பிளீட் என்று பெயர் வைத்தார்கள். 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலேயே இருந்த பிழை அது. இரண்டு வருஷம் உலகத்தின் கண்ணெதிரே கிடந்திருக்கிறது. அப்புறம்தான் இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்தார்கள். முழுநேரமாக ஒரே ஒருவர். நன்கொடை வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 டாலர். பாதி இணையத்தின் பூட்டுக்கு அவ்வளவுதான் வரவு.

இப்போது ஆடிட்டர் காட்டிய கள்ளக் கதவுக்கு வருவோம். அது நிஜம். வாட்ஸ்அப்பில் வந்தது ஒன்று உண்மையாக இருப்பது அபூர்வம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எக்ஸ்இசட் என்பது ஃபைல்களை அமுக்கிச் சின்னதாக்கும் கருவி. நீங்கள் பெட்ஷீட்டைக் காற்று உறிஞ்சிப் பேக் செய்வது மாதிரி. கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பல வருஷமாகக் கவனித்துவந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸே காலின், தனி ஆள். 2021ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார். சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்பினார், எல்லாம் ஒழுங்கான வேலை. 2022ல் வேறு சில பெயர்களில் ஆட்கள் முளைத்தார்கள். வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுக்கக் கூடாதா என்று காலினை நச்சரித்தார்கள். நெடுநாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதை நினைவில் வையுங்கள் என்று அவர் பதில் எழுதினார். சோர்ந்துபோன மனிதருக்குக் கைகொடுக்க ஒரு நல்ல பையன் பக்கத்தில் தயாராக இருக்கிறான். அடுத்த வருஷத்துக்குள் புதுப் பதிப்பு வெளியிடும் உரிமை ஜியா டான் கையில். நச்சரித்தவர்களும் அந்த நல்ல பையனும் ஒரே கும்பல் என்றுதான் பின்னால் எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது வெளியே வரவே இல்லை.

2024 பிப்ரவரி 24 அன்று 5.6.0 பதிப்பு வந்தது. கள்ளத்தனம் அதில்தான். எப்படிச் செய்தார்கள் என்பதற்கு மறுபடியும் புரோட்டாக் கடைக்கே போக வேண்டும். எல்லாரும் பார்க்கும் பொது நிரலில் இரண்டு டெஸ்ட் ஃபைல்கள் இருந்தன. கெட்டுப்போன ஃபைல் வந்தால் கருவி சமாளிக்கிறதா என்று சோதிப்பதற்காம். அதைத் திறந்து பார்க்க யாருக்குத் தோன்றும்? அந்த ஃபைலைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துக் கலக்கும் வரியோ பொது நிரலில் இல்லவே இல்லை. லினக்ஸ் நிறுவனங்கள் எடுத்துப்போகும் பார்சலில் மட்டும் அதைச் சேர்த்திருந்தார்கள். கல்லில் கண்முன்னே வெந்த புரோட்டாவில் ஒன்றுமில்லை, பொட்டலம் கட்டும்போது சால்னாவில் கலந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலந்தது எஸ்எஸ்ஹெச் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைவதற்கு எங்களைப் போன்றவர்கள் பயன்படுத்தும் வாசல் அது. ஒரு குறிப்பிட்ட ரகசியச் சாவி கையில் இருப்பவன் பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமல் அந்த வழியாக உள்ளே வந்து நினைத்ததைச் செய்யலாம்.

பிடித்தது எந்தப் பாதுகாப்பு நிறுவனமும் இல்லை. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வேலை செய்பவர், சம்பளம் வாங்குவது மைக்ரோசாஃப்ட்டில். வேறு ஏதோ வேகப் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்ஹெச் உள்ளே விட அரை விநாடி கூடுதலாக எடுத்துக்கொள்வது அவர் கண்ணை உறுத்தியது. அரை விநாடி! நாமாக இருந்தால் நெட் ஸ்லோ என்று சொல்லி டீ குடிக்கப் போயிருப்போம். அவர் நூல் பிடித்துக்கொண்டே போனார். மார்ச் 29, புனித வெள்ளியன்று எல்லாவற்றையும் பொதுவில் எழுதிவிட்டார். சில மணி நேரத்தில் லினக்ஸ் பதிப்புகளை வெளியிடும் ரெட்ஹாட்டும் டெபியனும் எச்சரிக்கை விட்டன. அந்த எக்ஸ்இசட் அதுவரை போயிருந்தது ஃபெடோரா, டெபியன், ஓப்பன்சூசே, காலி போன்ற லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகளுக்கும் நாள்தோறும் மாறும் பதிப்புகளுக்கும்தான். ஆபீஸ்களில் ஓடும் நிலையான பதிப்புகளுக்கு வரவில்லை. உங்கள் 18.04ல் இருப்பது அதற்குப் பல வருஷம் முந்தைய எக்ஸ்இசட். ஆக, ஆடிட்டர் சொன்ன கள்ளக் கதவு உங்கள் ஆபீசில் இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை.

இதைத் திறந்த நிரலின் வெற்றி என்று சிலர் கொண்டாடினார்கள். எனக்கு அந்தக் கொண்டாட்டத்தில் பாதி மனசுதான். ஃபிராயிண்ட் அன்றைக்கு டீ குடிக்கப் போயிருந்தால் என்ற கேள்வி இன்னும் உறுத்துகிறது. மீதிப் பாதி மனசு என்ன சொல்கிறது என்றால், அவர் அந்தக் கருவிக்குச் சொந்தக்காரர் இல்லை, அனுமதி எதுவும் வாங்கவில்லை, சந்தேகம் வந்ததும் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. கதவு சாத்திய அடுப்படியில் இதே மாதிரி நடந்த கதை 2020ல் வந்தது. சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மூடிய மென்பொருளில், அங்கேயும் பொட்டலம் கட்டும் இடத்தில்தான் கலந்தார்கள். மார்ச்சிலிருந்து வாடிக்கையாளர்களுக்குப் போய்க்கொண்டிருந்த அப்டேட், தங்கள் வீட்டிலேயே திருட்டுப்போய் ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனம் துப்புத் துலக்கிய டிசம்பரில்தான் பிடிபட்டது. அதற்குள் அதை இறக்கிக்கொண்டவர்கள் 18,000 பேர் வரை, அமெரிக்க அரசுத் துறைகள் உட்பட. எக்ஸ்இசட் பிடிபட ஐந்து வாரம், இதற்கு ஒன்பது மாதம். இரண்டே இரண்டு கதையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மூடி வைத்தால் இது நடக்காது என்று யாராவது சொன்னால் மட்டும் இதைச் சொல்லுங்கள்.

எக்ஸ்இசட் கதையில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்த அரை விநாடியைப் பற்றி அல்ல. தனியாகப் பார்த்துக்கொண்டு சோர்ந்துபோன அந்த ஒற்றை ஆளைப் பற்றி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதே ஞாபகம்தான் வந்தது. உங்கள் ஆபீஸ் லினக்ஸுக்கும் ஒற்றை ஆள்தான். அவர் இப்போது ஜெர்மனியில்.

உபுண்டு 18.04 என்பது 2018 ஏப்ரலில் வந்த பதிப்பு. ஐந்து வருஷம் பராமரிப்பார்கள். அந்தக் கெடு 2023 மே மாதம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்டுபிடித்த ஓட்டைகளுக்கான மருந்து, யாரும் தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால், உங்கள் எட்டுக் கம்ப்யூட்டருக்கும் வந்திருக்காது. பிரவுசரும் அதே நிலைமைதான், பேங்க் வேலையை அதில்தான் பார்க்கிறீர்கள். 'ஒரு தொந்தரவும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்டேட் கேட்டு வந்த பெட்டியை உங்கள் ஆபீசில் யாரோ ஒருவர் 'பிறகு' என்று அழுத்திக்கொண்டே இருந்திருப்பார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஷிப்மென்ட் நாளில் யாருக்கும் அதைத்தான் செய்யத் தோன்றும்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் நானே பார்த்தது. முதலாளி பெருமையாகச் சொன்னார்: "சார், நம்ம சர்வரை மூணு வருஷமா ஒரு தடவைகூட ஆஃப் பண்ணலை." உட்கார்ந்து பார்த்தேன். தொடர்ந்து ஓடிய நாள் 1,143 என்று திரையில் இருந்தது. லினக்ஸின் அடிமனையான கெர்னலுக்கு வரும் திருத்தங்கள் சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தால்தான் அமலுக்கு வரும். அப்டேட்கள் பாதி இறங்கிக் காத்துக்கொண்டிருந்தன, ஒன்றும் வேலைக்கு வரவில்லை. மருந்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மூன்று வருஷம் காய்ச்சலோடு இருந்த மாதிரி. நல்லவேளை, அதற்குள் யாரும் உள்ளே வரவில்லை. வந்த தடயம் எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதுதான் சரி.

இந்த விஷயத்தில் திறந்த கடை, மூடிய கடை என்ற பேதமே இல்லை. 2017 மார்ச்சில் இரண்டு மருந்துகள் வந்தன. ஒன்று விண்டோஸுக்கு. இன்னொன்று ஸ்ட்ரட்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு. இரண்டு மாதம் கழித்து, மே மாத நடுவில், முதல் மருந்தைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்களில் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் புகுந்தது, பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஏறக்குறைய அதே நாட்களில், இரண்டாவது மருந்தைப் போட்டுக்கொள்ளாத ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் விவர நிறுவனத்தில் திருடர்கள் நுழைந்து 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அள்ளிப்போனார்கள். இரண்டிலும் ஓட்டையும் தெரியும், மருந்தும் இலவசம், போடத்தான் ஆள் இல்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் எல்லா ஃபைல்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே கிடந்தால் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். அப்புறம் எட்டிலும் உபுண்டு 24.04ஐப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், 2029 வரை கவலை இல்லை. (அந்தக் கள்ள எக்ஸ்இசட்டை 24.04க்குள் ஏற்றவும் ஜியா டான் தரப்பில் முயற்சி நடந்தது. விஷயம் வெளிவந்ததும் பீட்டா என்ற சோதனைப் பதிப்பை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, பொட்டலங்களை எல்லாம் முதலிலிருந்து கட்டினார்கள். அதனாலேயே எனக்கு அதன்மேல் ஒரு கூடுதல் நம்பிக்கை.) 18.04லிருந்து படிப்படியாக ஏற்றுவதைவிடப் புதிதாகப் போடுவது சுலபம். பாதுகாப்பு அப்டேட்கள் தானாக இறங்கும்படி விட்டுவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆபீசைப் பூட்டும்போது எல்லாவற்றையும் ஷட்டவுன் செய்வதை வழக்கமாக்குங்கள். நூற்பாலை முதலாளிக்கும் இதைத்தான் சொன்னேன்.

அதைவிட முக்கியம், ஆள். கரூரிலோ திருச்சியிலோ லினக்ஸ் தெரிந்த ஒருவரை மாதம் அரை நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டருக்கும் தையல் மெஷினுக்கும் சர்வீஸ் கான்ட்ராக்ட் போடுகிறீர்கள், இதற்கும் போடுங்கள். மென்பொருள் இலவசம் என்பதால் அதைப் பார்த்துக்கொள்வதும் இலவசம் என்ற எண்ணம் நம் எல்லாருக்கும் உண்டு. அண்ணன் மகன் தூரத்திலிருந்தே உதவுகிறேன் என்று சொன்னால் சந்தோஷம், அவர் இரண்டாவது ஆளாக இருக்கட்டும். பாஸ்வேர்டுகள் எல்லாம் அவர் தலைக்குள் மட்டும் இருந்தால் ஒரு நோட்டில் எழுதி வாங்கிப் பூட்டி வையுங்கள்.

கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, ஆனால் ஏற்றுமதி யூனிட் என்றால் ஒரு வெப்சைட் இருக்கும், அது பெரும்பாலும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டியதாக இருக்கும். அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். உண்மையில் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைவிட அதுதான் நடுத்தெருவில் நிற்கிறது. சைட் செய்து கொடுத்தவர் காசு கட்ட வேண்டிய பிளகினை (சைட்டுக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை) எங்கிருந்தோ இலவசமாக இறக்கிப் போட்டிருந்தால், அதற்குள் என்ன வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. கேட்டுப் பாருங்கள், மழுப்பினால் நீக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதற்கும் லினக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. உங்களைப் போன்றவர்கள் பெரிய பணம் இழப்பது பெரும்பாலும் ஈமெயிலில்தான். உங்கள் பெயரிலேயே பையருக்கு 'எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது' என்று ஒரு மெயில் போகும், பணம் வேறெங்கோ போய்விடும். மெயிலுக்கு இரட்டைச் சரிபார்ப்பைப் (பாஸ்வேர்டோடு இன்னொரு அடையாளமும் கேட்பது) போட்டு வையுங்கள். அக்கவுண்ட் மாற்றம் என்றால் போனில் பேசாமல் நம்ப வேண்டாம் என்று பையர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

கடைசியாக அந்தப் பையன். மைக்ரோசாஃப்ட்டிடம் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். விண்டோஸ் 11, அப்டேட் ஒழுங்காக வருகிறது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்றால் அதிலும் நிம்மதியாகத் தொழில் செய்யலாம். உங்கள் கம்ப்யூட்டர்கள் 2018க்கு முன்னால் வாங்கியவை என்றால் அது ஓடுவது சந்தேகம், விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபரோடு வழக்கமான பராமரிப்பு முடிந்துவிட்டது. ஐந்நூறு ரூபாய்க்கு வருவது அந்த விண்டோஸ் இல்லை. பென்டிரைவில் ஒரு கிராக், அதாவது காசு கட்டாமலே ஓட வைக்கும் திருட்டு மென்பொருள், கொண்டுவருவான், அதை ஓட விடுவதற்காக முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைப்பான். திருடனும் பார்க்கலாம் என்று ஆடிட்டர் பயந்தாரே, இது திருடன் எழுதியதையே கூப்பிட்டு உள்ளே உட்கார வைப்பது. அதன் உள்ளே இருப்பதை நம்மில் யாரும் பார்க்கவும் முடியாது.

அப்படியும் ஆடிட்டர் விடாமல் வற்புறுத்தினால் சண்டை போட வேண்டாம். பையனிடம் எட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஜிஎஸ்டி பில் கேளுங்கள், கணக்கில் ஏற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.